கடல் தடுக்காத நோய்

நுழையும்முன்

கண்ணுக்குத் தெரிந்த பகைவரை எதிர்க்க மனிதர் கோட்டையும் மதிலும் எழுப்பினர். அம்மதிலின் கல்லிடுக்கிலேயே குடியிருந்த சிற்றுயிர் ஒன்றை அவர்கள் நெடுங்காலம் அறியாதிருந்தனர். மத்தியத் தரைக்கடல் தீவுகளில் மணல் ஈ பரப்பிய நோயும், அதன் காரணத்தைத் தேடிய அறிவியலாளரின் உழைப்பும், அந்நோய் மறைந்து மீண்ட வரலாறும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களுக்கு நடுவே அமைந்தது மத்தியத் தரைக்கடல். சிசிலி, சார்தீனியா, கோர்சிகா, மால்டா, கிரீட், சைப்ரஸ், பலேரிக் தீவுகள் என அக்கடலில் தீவுகள் பல உள்ளன. ஒலிவ மரங்களும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த அத்தீவுகளில் கோடைக்காலம் மழையின்றி நீண்டிருக்கும். பகல் வெப்பம் தணிந்ததும் மக்கள் வீட்டு முற்றத்தில் அமர்ந்து இளைப்பாறுவர். குழந்தைகள் அருகில் விளையாடுவர். வீட்டு நாய் காலடியில் படுத்திருக்கும். அமைதி நிறைந்த அந்த அந்திப்பொழுதில்தான், ஓசை எழுப்பாத பூச்சி ஒன்று கல்சுவரின் இடுக்கிலிருந்து வெளியே வருகிறது. அது நாயையும் கடிக்கும், குழந்தையையும் கடிக்கும். அவ்விரு கடிகளுக்கும் இடையே பரவும் நோயே லீஷ்மேனியாசிஸ் ஆகும்.

ஓசையற்ற பூச்சி

மணல் ஈ என்பது வீட்டு ஈயின் நெருங்கிய இனமன்று. கொசுவுக்கு நெருங்கிய உறவுடையது. அதன் நீளம் ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டுமே. உடல் முழுவதும் மென்மயிர் அடர்ந்திருக்கும். நிறம் மணலின் வெளிர்மஞ்சளை ஒத்திருக்கும். ஓய்ந்திருக்கும்போது தன் இரு சிறகுகளையும் முதுகின்மேல் நிமிர்த்தி வைத்திருப்பது அதன் தனி அடையாளம். கொசுவைப் போல் அது ரீங்கரிப்பதில்லை. வெகுதொலைவு பறக்கும் ஆற்றலும் அதற்கில்லை. தரையை ஒட்டித் தாழ்வாகவும் தத்தித்தத்தியும் பறக்கும். பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் எல்லைக்குள்ளேயே அதன் வாழ்நாள் முடிந்துவிடும். காற்று சற்றே பலமாக வீசினாலும் பறக்காமல் ஒதுங்கிக்கொள்ளும்.

கொசு நீரில் முட்டையிடும். மணல் ஈக்கோ தேங்கிய நீர் தேவையில்லை. ஈரப்பதமும் மக்கிய இலையும் கால்நடைச் சாணமும் கலந்த மண்ணே போதும். ஆட்டுக் கொட்டில், குகை, நிலவறை, மரவேரின் அடி, சுண்ணாம்புச் சாந்தின்றி அடுக்கப்பட்ட கல்சுவரின் இடுக்கு ஆகியவை அதன் பிறப்பிடங்கள். தேங்கிய நீரை அகற்றினால் கொசுவைக் குறைக்கலாம். அதே வழியில் மணல் ஈயைக் குறைக்க இயலாது. அதன் இளம்புழுக்கள் மண்ணுக்குள் சிதறிக் கிடப்பதால், தேடிக் கண்டுபிடிப்பதே ஆய்வாளர்க்கு அரிய செயலாக உள்ளது. குளிர்காலத்தில் புழுப்பருவத்தோடு உறங்கிக் கிடக்கும் இவ்வுயிர், மே மாதத்தை ஒட்டிச் சிறகு பெற்று வெளிவந்து அக்டோபர் வரை பறந்து திரியும்.

ஆண் மணல் ஈயும் பெண் மணல் ஈயும் தாவரங்களின் இனிய சாற்றை உண்டு வாழ்கின்றன. முட்டை வளர்ச்சிக்குப் புரதம் தேவைப்படுவதால் பெண் மட்டும் குருதியை நாடுகிறது. கொசு மெல்லிய ஊசி போன்ற உறுப்பால் குருதிக் குழாயைத் துளைத்து உறிஞ்சும். மணல் ஈயின் வாயுறுப்பு குட்டையானது. அது தோலைக் கீறிச் சிறு காயத்தை உண்டாக்கி, அதில் ஊறும் குருதியைக் குடிக்கிறது. நோய்க்கிருமி உடலுக்குள் நுழைய அச்சிறு காயமே வாயிலாகிறது.

தெரியுமா?

இத்தாலிய மொழியில் மணல் ஈயின் பெயர் ‘பப்பத்தாச்சி’. ‘ஓசையின்றி உண்பது’ என்னும் பொருளில் அமைந்த காரணப்பெயர் அது. இப்பூச்சி, மூன்று நாள் வாட்டும் ஒருவகை வைரஸ் காய்ச்சலையும் பரப்புகிறது. இரண்டாம் உலகப் போரின்போது சிசிலித் தீவில் போரிட்ட படைவீரர்கள் அக்காய்ச்சலால் அவதியுற்றனர். அதன் வைரஸை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் இளம்பிள்ளைவாதத்திற்கு வாய்வழிச் சொட்டு மருந்து கண்டறிந்த ஆல்பர்ட் சேபின் ஆவார்.

ஈருடல் வாழ்க்கை

லீஷ்மேனியா என்பது ஒரே செல்லாலான ஒட்டுண்ணி. மத்தியத் தரைக்கடல் பகுதியில் பெரிதும் காணப்படும் அதன் வகை ‘லீஷ்மேனியா இன்ஃபேன்டம்’. அது தன் வாழ்க்கையை இரண்டு உடல்களில் பகிர்ந்து நடத்துகிறது.

நோயுற்ற நாயின் குருதியை மணல் ஈ குடிக்கும்போது ஒட்டுண்ணியும் அதன் குடலுக்குள் செல்கிறது. அங்கே நீண்ட வடிவமும் நீந்த உதவும் கசையிழையும் பெற்றுப் பெருகுகிறது. ஒன்று அல்லது இரண்டு வாரங்களில், தொற்றும் ஆற்றல் பெற்ற ஒட்டுண்ணிகள் பூச்சியின் வாயை நோக்கி முன்னேறுகின்றன. அவை சுரக்கும் கூழ் போன்ற பொருள் பூச்சியின் உணவுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. அதனால் பூச்சியால் எளிதாகக் குருதி குடிக்க முடிவதில்லை. அது மீண்டும் மீண்டும் கடிக்கிறது. கடிக்கும்போதெல்லாம் அடைத்திருந்ததைக் காயத்திற்குள் உமிழ்கிறது. பூச்சியின் பசியையே ஒட்டுண்ணி தன் பயணத்திற்குப் பயன்படுத்திக்கொள்கிறது எனலாம்.

மனித உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே சில வெள்ளணுக்கள் உள்ளன. அவை லீஷ்மேனியாவையும் விழுங்குகின்றன. ஆனால், விழுங்கப்பட்ட ஒட்டுண்ணி அழிவதில்லை. காக்க வந்த அணுவையே வீடாக்கிக்கொண்டு, உருண்டை வடிவம் பெற்று உள்ளேயே பெருகுகிறது. தோலோடு நின்றுவிட்டால் ஆறாத புண் தோன்றும். மண்ணீரல், கல்லீரல், எலும்பு மச்சை ஆகியவற்றை அடைந்தால் நீங்காத காய்ச்சல், உடல் மெலிவு, இரத்தசோகை, வயிற்று வீக்கம் ஆகியவை தொடரும். இதுவே உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸ். இந்தியாவில் இவ்வகை நோய் காலா அசார் அல்லது கருங்காய்ச்சல் எனப்படுகிறது. மருத்துவம் பெறாவிடில் இந்நோயுற்றோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் இறக்க நேரிடும் என உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரிக்கிறது.

கடிபட்டோர் அனைவரும் நோயுறுவதில்லை. நல்ல உடல்நலம் உடையோர் பலரின் நோய் எதிர்ப்பாற்றல் ஒட்டுண்ணியை அடக்கிவிடுகிறது. ஊட்டம் குறைந்த குழந்தைகளும், எய்ட்ஸ் முதலிய காரணங்களால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுமே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

தீவுகளின் பழைய வேதனை

கிரேக்க நாட்டின் ஹைட்ரா, ஸ்பெட்சஸ் ஆகிய சிறு தீவுகளில் குழந்தைகளை மெலியச் செய்யும் நோய் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. குழந்தையின் முகம் வெளிறும், கைகால்கள் மெலியும், வயிறு மட்டும் பருக்கும். அத்தீவினர் அதனைப் ‘பொனோஸ்’ என அழைத்தனர். அச்சொல்லுக்கு ‘வேதனை’ என்பது பொருள். 1835ஆம் ஆண்டளவிலேயே மருத்துவக் குறிப்புகளில் இடம்பெற்ற அந்நோய்க்கு அப்போது காரணமும் தெரியவில்லை; மருந்தும் இல்லை.

காரணத்தை அறிவதற்கான முதல் திறவுகோல் தொலைவிலிருந்த இந்தியாவின் வழியே கிடைத்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்று இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில், இதுவரை அறியப்படாத நுண்ணுருக்களை வில்லியம் லீஷ்மன் 1900இல் கண்டார். அக்கண்டுபிடிப்பை அவர் 1903இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன், நோயாளிகளின் மண்ணீரலில் அதே நுண்ணுருக்களைத் தனித்துக் கண்டறிந்தார். இருவர் பெயரும் விளங்குமாறு அவ்வொட்டுண்ணிக்கு ‘லீஷ்மேனியா டோனோவானி’ என ரொனால்டு ராஸ் பெயரிட்டார். இந்நோயின் உலக வரலாற்றில் சென்னைக்கு இவ்வாறு ஓர் இடம் அமைந்தது.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், மத்தியத் தரைக்கடலின் தென்கரையில் உள்ள தூனிஸ் நகரில் சார்லஸ் நிக்கோல் என்னும் அறிஞர் நோயுற்ற குழந்தைகளை ஆராய்ந்தார். அவர்களிடம் கண்ட ஒட்டுண்ணிக்கு, ‘குழந்தை’ என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘இன்ஃபேன்டம்’ எனப் பெயர் சூட்டினார். அதே ஒட்டுண்ணி நாய்களின் உடலிலும் இருப்பதை அவரும் அவருடைய குழுவினரும் 1908இல் கண்டறிந்தனர். குழந்தையின் நோய்க்கும் நாயின் நோய்க்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் புலப்படத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மால்டா தீவின் குழந்தைகளிடமும் இந்நோய் உறுதிசெய்யப்பட்டது.

பூச்சியின் பங்கு அதன் பின்னரே தெளிவாயிற்று. 1921இல் அல்ஜீரியாவில் ஆய்வு செய்த செர்ஜென்ட் சகோதரரும் அவர்தம் குழுவினரும், மணல் ஈக்களை அரைத்துத் தோலின் கீறலில் இட்டபோது லீஷ்மேனியாப் புண் தோன்றியதைக் காட்டினர். 1930களில் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால் ஆட்லரும் ஆஸ்கார் தியோடரும் சிசிலியின் கத்தானியாவிலும் கிரீட்டின் ஹானியாவிலும் தங்கி, மணல் ஈக்களையும் நாய்களையும் ஒருசேர ஆராய்ந்தனர். ஆயினும் பூச்சி கடித்து மனிதருக்கு உள்ளுறுப்பு நோய் பரவுவதை ஆய்வில் மெய்ப்பிப்பது கடினமாகவே இருந்தது. முதல் முறை குருதி குடித்த பூச்சிக்கு அடுத்து உலர்திராட்சையின் சாற்றை உணவாகக் கொடுத்தால் ஒட்டுண்ணி செழித்துப் பெருகுவதை இந்தியாவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வழியைப் பின்பற்றி 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் கருங்காய்ச்சல் மணல் ஈயின் கடியால் பரவுவதை ஐயமற நிறுவினர்.

மருந்தின் வரலாற்றில் ஒரு தீவு முதன்மை பெறுகிறது. 1915இல் சிசிலியில் தி கிறிஸ்தினா, கரோனியா என்னும் மருத்துவர்கள் அஞ்சனக்கல் உலோகமாகிய ஆன்டிமனியின் உப்பைக் குழந்தைகளுக்குச் செலுத்தி நோயைத் தணித்தனர். பின்னர்க் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய யூரியா ஸ்டிபமின் என்னும் ஆன்டிமனி மருந்து இந்தியாவில் பல உயிர்களைக் காத்தது. இக்காலத்தில் கொழுப்பு உறையில் பொதிந்த ஆம்போடெரிசின் மருந்து மத்தியத் தரைக்கடல் நாடுகளில் பயன்படுகிறது. நோயை உரிய காலத்தில் அறிந்தால் பெரும்பாலோரைக் குணப்படுத்தலாம்.

காவலனே நோயின் இருப்பிடம்

மணல் ஈயால் கடலைக் கடந்து பறக்க இயலாது. அவ்வாறாயின் கடல் சூழ்ந்த தீவுகள் பலவற்றில் ஒரே நோய் நிலவுவது எவ்வாறு? தீவுகளில் மணல் ஈ இனங்கள் முன்பே வாழ்கின்றன. சிசிலி, சார்தீனியா, கோர்சிகா, மால்டா, பலேரிக் முதலிய மேற்குத் தீவுகளில் ‘ஃபிளெபோடோமஸ் பெர்னிசியோசஸ்’ என்னும் இனம் நோயைப் பரப்புகிறது. கிரீட்டில் ‘நெக்லெக்டஸ்’ இனமும் சைப்ரஸில் ‘டோபி’ இனமும் அப்பணியைச் செய்கின்றன. பூச்சி கடலைக் கடக்க வேண்டியதில்லை. ஒட்டுண்ணி கடந்தால் போதும். அதற்குரிய ஊர்தி நாய்.

வேட்டைத் துணையாகவும் மந்தைக் காவலாகவும் வீட்டுத் தோழனாகவும் நாய் மனிதரோடு கப்பலேறுகிறது. நோயுற்ற நாயின் கண்களைச் சுற்றி மயிர் உதிரும், தோல் செதிலாகும், நகங்கள் அளவுக்கு மீறி வளரும், இறுதியில் சிறுநீரகம் செயலிழக்கும். ஆனால், தொற்றுள்ள நாய்களுள் பல புறத்தே எக்குறியும் காட்டாமல் நீண்டநாள் நலமாகவே திரிகின்றன. அவற்றைக் கடிக்கும் மணல் ஈயும் ஒட்டுண்ணியைப் பெற முடியும். நோய் தெரியாத நாயே நோயின் நிலையான தேக்கிடமாக அமைந்துவிடுகிறது. விடுமுறைக்குத் தீவுக்கு வரும் பயணியரின் நாய்கள் தொற்றைப் பெற்று, நோயில்லாத வடநாடுகளுக்குத் திரும்புவதும் இந்நாளில் நிகழ்கிறது.

மறைந்ததும் மீண்டதும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மத்தியத் தரைக்கடல் நாடுகள் மலேரியாவை ஒழிக்க முனைந்தன. சைப்ரஸில் 1946 முதல் 1949 வரையிலும், சார்தீனியாவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு 1946 முதல் 1950 வரையிலும் டி.டி.டி. மருந்து பெருமளவில் தெளிக்கப்பட்டது. கொசுவுக்காகத் தெளித்த மருந்து மணல் ஈயையும் அழித்தது. கடிப்பதற்கு முன்னும் பின்னும் சுவரில் அமர்ந்து தத்திச் செல்வது மணல் ஈயின் இயல்பு. ஆகவே மருந்து பூசிய சுவர் அதற்குக் கொலைக்களமாயிற்று. மலேரியா ஒழிந்தது. கிரேக்கத்திலும் இத்தாலியிலும் மணல் ஈக்களும் வெகுவாகக் குறைந்தன.

ஆயினும் மருந்து எட்டாத குகைகளிலும் கல்லிடுக்குகளிலும் சில பூச்சிகள் எஞ்சின. தெளிப்பு நின்றதும் அவை மெல்லப் பெருகி, கைவிட்ட இடங்களை மீண்டும் பிடித்தன. மலேரியா ஒழிந்த மகிழ்ச்சியில் அவற்றைக் கவனிப்பார் இலர்.

சைப்ரஸ் தீவின் வரலாறு மற்றொரு பாடத்தைத் தருகிறது. 1940களின் நடுவில் அங்கே நோய்த்தேக்கிடமாகிய நாய்கள் பெருமளவில் கொல்லப்பட்டன. பின்னர், 1971இல் தொடங்கிய நாடாப்புழு நோய் ஒழிப்புத் திட்டத்திலும் தெருநாய்கள் அழிக்கப்பட்டன. லீஷ்மேனியாசிஸ் ஏறத்தாழ மறக்கப்பட்ட நோயாயிற்று. ஆனால், 1996இல் நாய்களின் குருதியைச் சோதித்தபோது ஏறத்தாழ 1.7 விழுக்காட்டு நாய்களிடம் தொற்றின் அடையாளம் காணப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அவ்வளவு ஏறத்தாழ 15 விழுக்காடாக உயர்ந்திருந்தது. நாய்கள் மீண்டும் பெருகின, பூச்சிகள் அங்கேயே இருந்தன, ஒட்டுண்ணியும் திரும்பிவிட்டது.

அத்தீவில் வேறொரு வியப்பும் காத்திருந்தது. நாய்களிடம் காணப்பட்டது இன்ஃபேன்டம் வகை ஒட்டுண்ணி. மனித நோயாளிகளிடம் கண்டறியப்பட்டதோ, சென்னை மருத்துவரின் பெயர் தாங்கிய டோனோவானி வகை. ஒரே தீவில் இரு வகை ஒட்டுண்ணிகள் தத்தம் வழியில் சுழன்றுகொண்டிருந்தன. நாயை மட்டுமே குற்றவாளியாகக் கருதுவது போதாது என்பதை இது உணர்த்திற்று.

காக்கும் வழிகள்

ஒரு சங்கிலியை அறுப்பதற்கு அதன் கண்ணிகள் அனைத்தையும் உடைக்க வேண்டுவதில்லை. கண்ணிகள் இணையும் இடத்தில் தடுத்தாலே போதும். நாயைக் கொல்வதைவிட, நாய்க்கும் பூச்சிக்கும் இடையே உள்ள தொடர்பைத் துண்டிப்பதே சிறந்த வழி என இன்றைய அறிவியல் கருதுகிறது. டெல்டாமெத்ரின் முதலிய மருந்து ஊட்டிய கழுத்துப்பட்டை இதற்குப் பயன்படுகிறது. அதிலிருந்து மருந்து சிறிதுசிறிதாக வெளிப்பட்டு நாயின் உடலெங்கும் பரவி, மணல் ஈ கடிப்பதைத் தடுக்கிறது. இத்தாலியில் நடந்த ஆய்வுகள், பட்டை அணிந்த நாய்களிடையே தொற்று குறைவதைக் காட்டியுள்ளன. கொல்லப்பட்ட நாயின் இடத்திற்கு நோய் எதிர்ப்பில்லாத புதிய குட்டி வந்து சேரும். பட்டை அணிந்த நாயோ தானும் வாழ்ந்து, தன் வீட்டாரையும் காக்கும்.

அந்தி முதல் விடியல்வரை நாயை வீட்டுக்குள் வைத்திருப்பதும், கொட்டிலையும் சுவரோரத்தையும் தூய்மையாகப் பேணுவதும் தேவையானவை. சாதாரணக் கொசுவலையின் கண்ணிகள் வழியே மணல் ஈ நுழைந்துவிடும். ஆதலால் மிக நெருக்கமான கண்ணிகளுடைய வலையோ, பூச்சிமருந்து ஏற்றிய வலையோ பயன்படுத்த வேண்டும். மணல் ஈ தாழப் பறப்பதால் மேல்மாடியில் உறங்குவோர்க்கு இடர் ஓரளவு குறைவு.

மருத்துவரின் விழிப்புணர்வும் இன்றியமையாதது. நீண்ட காய்ச்சலும் பருத்த மண்ணீரலும் குருதியணுக் குறைவும் கொண்ட குழந்தையைக் கண்டால் இரத்தப் புற்றுநோயோ என ஐயுறுவது இயல்பு. அப்போதே இவ்வொட்டுண்ணியையும் நினைவிற்கொண்டு சோதித்தால் காலம் வீணாகாது. மறக்கப்பட்ட நோய், அறியப்படாத நோயைப் போன்றே ஆபத்தானது. அந்த மறதிக்கு விலையாவது ஒரு குழந்தையின் உயிர்.

புவி வெப்பமாவதால் மணல் ஈயின் பருவம் நீள்கிறது. முன்பு அது வாழாத வட இத்தாலியப் பகுதிகளிலும் இன்று காணப்படுகிறது. ஆகவே மருத்துவர், கால்நடை மருத்துவர், பூச்சியியல் அறிஞர் ஆகிய மூவரும் தனித்தனியே இயங்காமல் ஒன்றிணைந்து செயல்பட வேண்டிய தேவை எழுந்துள்ளது. நாயின் நலமும் மண்ணின் தூய்மையும் குழந்தையின் உயிரும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் காக்க இயலாது.

ஹைட்ரா தீவின் அன்னையர் வேதனை என்று மட்டுமே பெயரிட்டு அழுத நோய்க்கு இன்று காரணம் தெரியும், மருந்தும் உண்டு. கண்ணுக்குத் தென்படாமல் போனது ஒழிந்துபோனதாகாது என்பதைத் தீவுகளின் வரலாறு காட்டுகிறது. அந்திப்பொழுதில் ஓசையின்றி வரும் பூச்சியை வெல்ல, ஓயாத விழிப்பே துணை.

கற்பவை கற்றபின்...

1. கொசுவுக்கும் மணல் ஈக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.

2. ‘நோயை ஒழிக்க விலங்கைக் கொல்வது தீர்வாகுமா?’ என்னும் தலைப்பில், சைப்ரஸ் தீவின் வரலாற்றைச் சான்றாகக் காட்டி வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரில் பூச்சிகளால் பரவும் நோய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது பரவும் முறையையும் தடுக்கும் வழிகளையும் விளக்கும் சுவரிதழ் உருவாக்குக.